உலோகம் காட்டும் கருவியின் கதை

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவில் திருவரங்கமும் திருவானைக்காவும் அருகருகே அமைந்துள்ளன. 2020ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில், திருவானைக்கா ஜம்புகேசுவரர் கோயில் வளாகத்தில், அகிலாண்டேசுவரி அம்மன் சந்நிதியை அடுத்த நிலத்தைத் தோண்டிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு பாத்திரம் தட்டுப்பட்டது. அதனுள் 505 பொற்காசுகள் இருந்தன. ஒன்று மட்டும் பெரியது. மற்ற 504 காசுகளும் சிறியவை. மொத்த எடை 1.716 கிலோகிராம். சராசரியாகப் பார்த்தால் ஒரு காசுக்கு ஏறத்தாழ 3.4 கிராம் ஆகிறது. காசுகள் எண்ணப்பட்டு, எடை போடப்பட்டு, அரசு அலுவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டன.

இக்காசுகளை வெளிக்கொணர்ந்தது மண்வெட்டி. எந்த மின்கருவியும் அன்று. ஆயினும் இத்தகைய செய்தி வரும்போதெல்லாம், "மெட்டல் டிடெக்டர் இருந்தால் இன்னும் எவ்வளவு கிடைக்கும்!" என்று பேசுவோர் பலர். இன்று அக்கருவி சில ஆயிரம் ரூபாய்க்கே விற்கப்படுகிறது. அறிவியல் ஆர்வமுள்ள மாணவர் சிலர் அதை வாங்கவோ, தாமே செய்யவோ விரும்புகின்றனர். விருப்பம் நல்லதே. ஆனால் இந்தக் கருவி என்ன சொல்கிறது, என்ன சொல்வதில்லை என்பதைப் பழகிக்கொள்ளாமல் மண்ணில் இறங்குவது சரியன்று. அதைப் பழக, கருவியின் வரலாறே நமக்கு நல்ல ஆசிரியர்.

காந்தமும் கம்பிச் சுருளும்

ஆற்று நீரில் கயிற்றில் கட்டிய காந்தத்தை வீசிக் காசு தேடுவோரைப் பல ஊர்களில் காணலாம். துருப்பிடிக்காத எஃகினால் ஆன ஒரு ரூபாய்க் காசு அதில் ஒட்டிக்கொண்டு வரும். ஆனால் செப்புக் காசோ, வெள்ளிக் காசோ, பொற்காசோ காந்தத்தில் ஒட்டாது. காந்தம் இழுக்காத உலோகத்தை வேறு வழியில்தான் அறிய வேண்டும்.

அந்த வழியை இலண்டனில் மைக்கேல் பாரடே 1831இல் திறந்து வைத்தார். ஒரு கம்பிச் சுருளில் ஓடும் மின்னோட்டம் மாறும்போது, அதைச் சுற்றியுள்ள காந்தப் புலமும் மாறுகிறது. அம்மாற்றம் அருகிலுள்ள வேறொரு சுருளில் மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கிறது. இதுவே மின்காந்தத் தூண்டல். இரண்டாவது சுருளுக்குப் பதிலாக ஒரு செப்புத் தகடு இருந்தாலும் மின்னோட்டம் உண்டாகும். தகட்டினுள்ளேயே, ஆற்றுச் சுழல்போல, அது வட்டமிட்டு ஓடும். இதனைச் சுழல் மின்னோட்டம் என்கிறோம்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஓர் அலுமினியக் குழாயைச் செங்குத்தாகப் பிடித்து, அதனுள் நுழையும் அளவுள்ள சிறிய, வலிமையான காந்தத்தைப் போடுங்கள். காந்தத்தில் அலுமினியம் ஒட்டாது. ஆயினும் காந்தம் தயங்கித் தயங்கி மெதுவாகவே கீழே வரும். குழாயில் தோன்றும் சுழல் மின்னோட்டங்கள் தமக்கென ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கி, விழும் காந்தத்தைத் தடுக்கின்றன. மண்ணுள் கிடக்கும் காசும் இவ்வாறே மறுமொழி சொல்கிறது. மேலே உள்ள சுருள் ஒரு மாறும் புலத்தை அனுப்புகிறது. காசில் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அதன் மெல்லிய புலம் திரும்பி வந்து சுருளைத் தொடுகிறது. அந்த மெல்லிய மறுமொழியைக் கேட்கத் தெரிந்த கருவியே உலோகம் காட்டும் கருவி.

ஹியூஸின் தராசு

மறுமொழியைக் கேட்கும் முறையைச் செம்மைப்படுத்தியவர்களுள் ஒருவர் டேவிட் ஹியூஸ். 1879இல் அவர் இலண்டனில் 'தூண்டல் தராசு' ஒன்றைக் காட்டினார். அதில் இரண்டு சோடிச் சுருள்கள் இருந்தன. ஒரு சோடியில் எழும் மின்னோட்டத்தை மற்றொரு சோடியில் எழும் மின்னோட்டம் சரியாக ஈடுசெய்யும்படி அவற்றை அமைத்துவிட்டால், இணைத்துள்ள தொலைபேசியில் ஓசையே கேட்காது. ஒரு பக்கத்தில் காசு ஒன்றை வைத்தால் சமநிலை குலைந்து ஓசை எழும். மறுபக்கத்தில் அதே போன்ற காசு ஒன்றை வைத்தால் ஓசை மீண்டும் அடங்கிவிடும். இரண்டில் ஒன்று கள்ளக் காசானால் ஓசை அடங்காது!

தட்டில் பொருள் ஏறும்போது தராசு முள் சாய்வதைப் போன்றதே இது. ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தராசு முள் சாய்ந்தால் ஏதோ ஏறியிருக்கிறது என்றுதான் பொருள். ஏறியது நெல்லா கல்லா என்று முள் சொல்லாது. இதை உலகம் உணர்ந்தது இரண்டே ஆண்டுகளில், ஒரு மனிதரின் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த நேரத்தில்.

குடியரசுத் தலைவரின் படுக்கை அருகே

1881ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்பீல்டு வாஷிங்டன் இரயில் நிலையத்தில் சுடப்பட்டார். ஒரு குண்டு உடலுக்குள்ளேயே தங்கிவிட்டது. எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்பட இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. மருத்துவர்கள் கழுவாத விரல்களையும் கருவிகளையும் காயத்தில் செலுத்தித் தேடினர்.

தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் உதவ முன்வந்தார். தூண்டல் தராசை உடல் மேல் நகர்த்தக்கூடிய கருவியாக மாற்றினார். முந்தைய உள்நாட்டுப் போரில் குண்டடிபட்டு, அக்குண்டுகளை உடலிலேயே சுமந்துகொண்டிருந்த பழைய படைவீரர்களிடம் அதைச் சோதித்தார். கருவி குண்டுகளைக் காட்டியது. ஜூலை 26ஆம் நாள் அதனைக் குடியரசுத் தலைவரின் படுக்கையருகே கொண்டு சென்றார். இடைவிடாத இரைச்சல் கேட்டது. கருவியில் ஓர் இணைப்பு தவறாகத் தரப்பட்டிருந்தது பின்னர் தெரிந்தது. ஆகஸ்டு 1ஆம் நாள் மீண்டும் முயன்றார். இம்முறை ஒரே இடத்தில் கேட்க வேண்டிய ஓசை, பரந்த பகுதி முழுவதும் மெலிதாகக் கேட்டது. விசாரித்தபோது, மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பிகளால் ஆன இன்னொரு மெத்தை இருந்தது தெரியவந்தது!

வேறொரு தடையும் இருந்தது. குண்டு வலப்பக்கம் இருப்பதாகத் தலைமை மருத்துவர் உறுதியாக நம்பினார். அப்பக்கத்தை மட்டுமே சோதிக்க விட்டார். செப்டம்பர் 19ஆம் நாள் கார்பீல்டு இறந்தார். உடலை அறுத்துப் பார்த்தபோது குண்டு இடப்பக்கத்தில் இருந்தது.

புதிதாகக் கருவியை எடுக்கும் ஒவ்வொருவரும் இந்நிகழ்ச்சியிலிருந்து மூன்று பாடங்களைப் பெறலாம். முதலாவது, வேலையைத் தொடங்குமுன் தெரிந்த ஒரு பொருளைக் காட்டிக் கருவியைச் சோதிக்க வேண்டும். இரண்டாவது, சுற்றுப்புறத்தில் வேறு உலோகம் எதுவும் உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். மூன்றாவது, "இங்கேதான் இருக்கும்" என்று மனத்தில் முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டுத் தேடக்கூடாது.

கண்ணி வெடிகளுக்கு நடுவே

பெல்லுக்குப் பின் வானொலி வந்தது. அதனுடன் அலையியற்றிகளும் வந்தன. அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியப் பொறியாளர் கெர்கார்டு பிஷர், வானொலி அலைகளைக் கொண்டு திசை அறியும் கருவிகளை அமைத்துவந்தார். அருகே உலோகம் இருந்த இடங்களில் அவை தவறு காட்டின. அத்தவறையே அவர் பயனாக்கினார்! தவறு காட்டும் இடத்தில் உலோகம் இருக்கிறது என்று பொருள் அல்லவா? அவருடைய கருவி 1937இல் காப்புரிமை பெற்றது.

இரண்டாம் உலகப் போரின்போது, பிரிட்டனில் தங்கியிருந்த போலந்துப் படை அதிகாரி யோசெப் கொசாட்சுகி, 1941இல் ஒரு வீரர் தூக்கிச் செல்லக்கூடிய கண்ணி வெடி காட்டும் கருவியை அமைத்தார். அவர் அதற்குக் காப்புரிமை கோரவில்லை. பிரிட்டிஷ் படைக்கு வழங்கிவிட்டார். 1942 அக்டோபரில் எகிப்திலுள்ள எல் அலமெயின் பாலைவனப் போரில் இதுபோன்ற கருவிகள் ஏறத்தாழ 500 பயன்பட்டன.

போர் முடிந்தாலும் கண்ணி வெடிகள் மண்ணை விட்டுப் போவதில்லை. இதை நமக்கு அண்மையிலேயே காண்கிறோம். இலங்கையில் உள்நாட்டுப் போர் 2009இல் முடிந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய பகுதிகளில் கண்ணி வெடி அகற்றும் பணியில் ஈடுபட்டவர்களுள் தமிழ்ப் பெண்கள் பலர். கருவி காட்டும் ஓசையை எவ்வாறு மதிக்க வேண்டும் என்பதை அவர்களிடமிருந்துதான் கற்க வேண்டும். தெரிந்த உலோகத் துண்டைக் காட்டிக் கருவியைச் சோதித்த பிறகே வேலை தொடங்கும். குறுகிய பாதைகளாக நிலம் பிரிக்கப்படும். ஓசை எழும் ஒவ்வோர் இடமும் கண்ணி வெடியாகவே கருதப்படும். அடையாளம் இட்டு, பக்கவாட்டிலிருந்து சிறிது சிறிதாக மண்ணை அகற்றுவர். பெரும்பாலும் கிடைப்பது ஓர் ஆணியோ தகரத் துண்டோதான். நூறாவது ஆணிக்கும் முதல் ஆணிக்குக் காட்டிய கவனத்தையே காட்ட வேண்டும். மரத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆன வெடிகளில் உலோகம் மிகச் சிறிதளவே இருக்கும். அங்கே கருவியின் ஓசையும் மிக மெல்லியதாகவே இருக்கும்.

ஓசை எப்படி உண்டாகிறது?

தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதைக் கேட்டிருப்பீர்கள். இரு தந்திகளின் சுருதி ஏறத்தாழ ஒன்றாகி, முழுதும் ஒன்றாகாத நிலையில், "வொய்ங் வொய்ங்" என்று ஓசை ஏறி இறங்கும். இதற்கு விம்மல் என்று பெயர். எளிய வகை உலோகம் காட்டும் கருவி இத்தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. அதில் இரு அலையியற்றிகள் உண்டு. ஒன்று வினாடிக்கு 1,00,000 அதிர்வுகள் கொண்டது என்போம். மற்றொன்று தேடு சுருளுடன் இணைந்து 1,00,400 அதிர்வுகள் கொண்டது. இரண்டும் காதுக்குக் கேளாதவை. ஆனால் அவற்றின் வேறுபாடான 400 அதிர்வு நன்றாகக் கேட்கும். சுருளுக்கு அருகே உலோகம் வந்தால் இரண்டாம் அலையியற்றியின் அதிர்வெண் சிறிது மாறும். காதில் கேட்கும் சுருதி உடனே மாறிவிடும்.

இன்று கடைகளில் கிடைக்கும் கருவிகளுள் பெரும்பாலானவை வேறு வகையைச் சேர்ந்தவை. வினாடிக்குச் சில ஆயிரம் அதிர்வுகள் கொண்ட புலத்தை ஒரு சுருள் அனுப்பும். மற்றொரு சுருள் மறுமொழியைக் கேட்கும். மறுமொழி எவ்வளவு காலம் பிந்தி வருகிறது என்பதிலிருந்து இரும்பையும் வெள்ளியையும் ஓரளவு பிரித்தறியலாம். 'ஓரளவு' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மெல்லிய தங்கமும் அலுமினியத் தாளும் பல வேளைகளில் ஒரே மாதிரி ஒலிக்கும். இன்னொரு வகைக் கருவி புலத்தைத் துடிப்பு துடிப்பாக அனுப்பி, ஒவ்வொரு துடிப்பும் நின்ற பிறகு உலோகத்தில் எஞ்சும் சுழல் மின்னோட்டத்தைக் கேட்கும். உப்பு நீரால் நனைந்த கடற்கரை மணலுக்கு இது ஏற்றது.

ஆழத்தைப் பற்றிப் பலர் மிகையாக எண்ணுகின்றனர். சுருளின் அளவைவிடத் தொலைவு மிகுதியாகும்போது, சுருள் அனுப்பும் புலம் தொலைவின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். காசிலிருந்து திரும்பும் புலமும் அவ்வாறே குறையும். இரண்டையும் சேர்த்தால், ஆழம் இரு மடங்கானால் மறுமொழி 64இல் ஒரு பங்காகிவிடும். ஆகவே சாதாரணக் கருவி ஒரு தனிக் காசைச் சாண் ஆழத்தில் காட்டினாலே நன்று. திருவானைக்காவில் காசுப் பாத்திரம் ஏறத்தாழ 7 அடி ஆழத்தில் கிடைத்ததாகச் செய்திகள் கூறின. அந்த ஆழத்தில் ஒற்றைக் காசு ஒன்று கிடந்திருந்தால் இக்கருவிகள் வாய் திறந்திரா.

பழகும் முறை

முதல் பயிற்சிக்கு நிலமே வேண்டாம். ஒரு மரப்பெட்டியில் மணலை நிரப்புங்கள். இரும்பு ஆணி பெட்டியில் இருக்கக்கூடாது என்பதைக் கார்பீல்டின் மெத்தை நினைவூட்டும். ஐந்து ரூபாய்க் காசு, இரும்பு ஆணி, புட்டி மூடி, செப்புக் கம்பி வளையம், மடித்த அலுமினியத் தாள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக 5, 10, 15 சென்டிமீட்டர் ஆழங்களில் புதைத்து, ஓசையைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பிறகு நண்பர் ஒருவர் புதைக்க, நீங்கள் பெயர் சொல்லிப் பாருங்கள். எத்தனை முறை தவறுகிறோம் என்பதை எழுதி வைப்பதே உண்மையான சோதனை.

சுருளைத் தரைக்கு இணையாக, ஒரே உயரத்தில், மெதுவாக நகர்த்த வேண்டும். ஊசலைப்போல முனைகளில் மேலே தூக்கினால் அங்குள்ள பொருள் தப்பிவிடும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மறைக்க வேண்டும். ஓசை கேட்ட இடத்தை அதற்குக் குறுக்காக மீண்டும் கடந்தால், இரு கோடுகளும் வெட்டும் புள்ளியில் பொருள் இருக்கும். கையிலுள்ள மோதிரம், வளையல், காலணியிலுள்ள ஆணி ஆகியவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மண்ணும் பேசும். காவிரி மணலை ஒரு தாளில் பரப்பி, அடியில் காந்தத்தை நகர்த்தினால், சில கருமணிகள் எழுந்து ஓடுவதைக் காணலாம். இரும்புச் சத்துள்ள இத்தகைய கனிமங்கள் கருவியைக் குழப்பும். அதனால்தான் நல்ல கருவிகளில் மண்ணின் ஓசையை ஈடுசெய்யும் திருகு ஒன்று உண்டு. புதிய இடத்தில் முதல் வேலை அதனைச் சரிசெய்வதே.

கருவி கேளாத செய்திகள்

இவ்வளவும் பழகிய ஒருவர் திருவரங்கத் தீவிலோ உறையூரிலோ கருவியுடன் புறப்பட்டால் என்ன கேட்கும்? 1311இல் மாலிக் காபூரின் படையும், 1323இல் தில்லிப் படையும் இத்தீவுக்கு வந்தன. 1752இல் பிரெஞ்சுப் படை திருவரங்கத்தில் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அச்சம் மிகுந்த காலங்களில் மக்கள் பொருளைப் புதைப்பது இயல்பு. ஆனால் அதே மண்ணில் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த ஆணிகளும், கம்பித் துண்டுகளும், நேற்றைய சோடா மூடிகளும் அதைவிடப் பன்மடங்கு மிகுதி.

கருவி எதைக் கேளாது என்பது இதைவிட முக்கியம். பழஞ்சோழர் தலைநகரான உறையூரில் சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் அகழாய்வு நடத்தியது. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், உரோம நாட்டு வகைப் பானை ஓடு, சாயத் தொட்டி எனக் கருதப்படும் செங்கல் அமைப்பு ஆகியவை வெளிப்பட்டன. உறையூரின் வாணிகத்தையும் நெசவையும் எழுத்தறிவையும் நமக்குச் சொன்னவை இவையே. இவற்றுள் எதற்கும் உலோகம் காட்டும் கருவி ஓசை எழுப்பாது! ஓர் ஆணிக்காக நாம் தோண்டும் குழி, இத்தகைய ஓடுகள் கிடக்கும் மண்ணடுக்குகளைக் குலைத்துவிடும். அடுக்கு குலைந்தால் எது முந்தியது, எது பிந்தியது என்ற கணக்கு அழிந்துவிடும்; அதைத் திருப்பி எழுத எந்தக் கருவியாலும் முடியாது.

காசுகளுக்கும் இது பொருந்தும். 1898இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் கருக்காக்குறிச்சி அருகே 501 உரோமப் பொற்காசுகள் ஒரே தொகுதியாகக் கிடைத்தன. அகஸ்டசு முதல் வெஸ்பேசியன் வரையிலான பேரரசர்களின் காசுகள் அவை. பெரும்பாலானவற்றில் அரசர் தலைமேல் உளியால் வெட்டிய குறி இருந்தது. தொகுதி சிதறாமல் ஆய்வாளர் கைக்கு வந்ததால், கடைசி அரசரின் காலத்துக்கு முன் அது புதைக்கப்பட்டிருக்க முடியாது என்று சொல்ல முடிந்தது. கண்டவர்கள் ஆளுக்குப் பத்தாகப் பங்கிட்டு உருக்கியிருந்தால், மிஞ்சியிருப்பது தங்கம் மட்டுமே. மறுபுறம், கரூரில் அமராவதி ஆற்று மணலிலிருந்து பொறுக்கப்பட்ட காசுகளில் 'மாக்கோதை', 'கொல்லிப்புறை' போன்ற பெயர்கள் படிக்கப்பட்டன; நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றை வெளியிட்டார். அவை பெருஞ்செல்வமே. ஆனால் வெள்ளம் புரட்டிய மணலில் அடுக்கு ஏது? அவற்றின் காலத்தை எழுத்தின் வடிவைக் கொண்டே வாதிட வேண்டியிருக்கிறது.

சட்டம் சொல்வது

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்துள்ள, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் அதைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வாயிலாகத் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எங்கே, எந்த நாளில் கிடைத்தது என்பனவற்றைச் சொல்ல வேண்டும். புதையலை அரசு எடுத்துக்கொள்ள முடிவு செய்தால், உலோகத்தின் மதிப்புடன் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. மறைத்தவருக்கு ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ உண்டு. அவர் பங்கும் போய்விடும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களையும் தொல்லிடங்களையும் 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் காக்கின்றன. அங்கே அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களின் விற்பனையையும் ஏற்றுமதியையும் 1972ஆம் ஆண்டின் சட்டம் கட்டுப்படுத்துகிறது. கோயில் நிலமோ பிறர் நிலமோ உரியவர் அனுமதியின்றி நுழையும் இடமன்று என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே மாணவர்கள் கருவியைக் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை. தேடுவதற்கு முறையான இடங்கள் பல உள்ளன: மணற்பெட்டி, கல்லூரி ஆய்வுக்கூடம், சுவருக்குள் ஓடும் மின்கம்பியையும் நீர்க்குழாயையும் கண்டறியும் வேலை, வயலில் தொலைந்த கலப்பைக் கொழு, உரியவர் கேட்டுக்கொண்டால் அவர் தோட்டத்தில் விழுந்த மோதிரம். இவற்றில் தேர்ந்தவர் நாளை கண்ணி வெடி அகற்றுவோருக்கோ தொல்லியலாளருக்கோ உதவும் நல்ல கருவியை அமைக்கலாம். ஒளியைப் பொறுமையாகக் கேள்வி கேட்டு உலகப் புகழ் பெற்ற சர் சி. வி. இராமன், 1888இல் பிறந்தது திருவானைக்காவில்தான். கருவி சிறியதாயினும் கேள்வி சரியாக இருக்க வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

பழைய மண்ணில் எதிர்பாராமல் ஓசை எழுந்தாலோ, மண்வெட்டியில் ஏதேனும் தட்டுப்பட்டாலோ செய்ய வேண்டியது எளிது. அங்கேயே நிறுத்துங்கள், பொருளை அசைக்காமல் இடத்தை அடையாளமிடுங்கள், நாளையும் ஆழத்தையும் எழுதுங்கள், கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ தெரிவியுங்கள். திருவானைக்காவில் கிடைத்த 505 காசுகளையும் நாம் இன்று எண்ணிக்கையோடும் எடையோடும் பேச முடிவதற்குக் காரணம், கண்டவர்கள் அவற்றை மறைக்காமல் முழுவதுமாக ஒப்படைத்ததுதான்.